பொன் ஒளிக்குப் பின்னே: பிரெஞ்சு நாட்டு வெண்கலத் திரித்தண்டுகளின் வரலாறு

திருவிழா நெருங்கிவிட்டால் கோவிலில் தொடங்கும் முதல் வேலைகளுள் ஒன்று, பீடத்துத் திரித்தண்டுகளைத் துலக்கி வைப்பதாகும். துலக்கிய தண்டில் மெழுகுதிரி ஏற்றப்பட்டதும் நம் கண் சுடரை நோக்கும். சுடரைத் தாங்கும் தண்டை நோக்குவது அரிது. தண்டைச் செய்த கையை எண்ணுவது அதனினும் அரிது. ஜூபிலி ஆண்டு என்பது நினைவுகூரும் ஆண்டு. பழைய ஏற்பாட்டில் அது கடன்பட்டவனும் உழைத்துக் களைத்தவனும் நினைக்கப்பட்ட ஆண்டு என்பதைப் பங்கு மக்கள் அறிவீர்கள். ஆகவே, விளக்குத் தாங்கிகளைச் செய்தவர்களின் கதை ஒன்றை இம்மலரில் எழுதுவது பொருத்தமே என எண்ணினோம். அக்கதை ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாட்டில் நடந்தது.

இவை எத்தகைய தண்டுகள்?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிஸ் நகரப் பட்டறைகளில் ஒருவகைக் கிளைத் திரித்தண்டுகள் செய்யப்பட்டன. நடுவில் ஒரு மனித உருவம் நிற்கும். பெரும்பாலும் அது பழைய கிரேக்க, ரோம உடையணிந்த ஒரு பெண்ணின் உருவம். சில வேளைகளில் சிறகு விரித்து உருண்டையின் மேல் நிற்கும் வெற்றித் தேவதையின் உருவம். அவ்வுருவம் தன் கையில் ஒரு மலர்க்கொத்தையோ, கொம்பையோ, வளையத்தையோ ஏந்தியிருக்கும். அதிலிருந்து இரண்டு, மூன்று, ஆறு என்று கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு மெழுகுதிரி.

இவற்றின் அழகு இருநிறத்தில் அமைந்தது. உருவம் கருமையாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். அமிலங்களாலும் சூட்டாலும் வெண்கலத்தின் மேற்பரப்பைப் பக்குவம் செய்து இந்நிறத்தை வருவித்தனர். கிளைகளும் அடிப்பீடமும் பூவேலைப்பாடுகளும் தங்க முலாம் பூசப்பட்டு மின்னும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில், கணப்பின் மேலே மாட்டிய பெரிய கண்ணாடியின் முன் இவற்றை இரட்டையாக வைப்பார்கள். சுடர் தங்கத்தில் பட்டு, கண்ணாடியில் பட்டு, அறை முழுதும் பரவும். எனவே தங்கம் வெறும் ஆடம்பரம் மட்டுமன்று. ஒளியைப் பெருக்கும் கருவியுமாயிற்று. தேன்மெழுகுத் திரி விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் ஒரு சுடர் இரண்டாகத் தெரிவது சிறிய காரியமன்று.

மண்ணுக்கடியில் கிடைத்த பாணி

கிறிஸ்தவ நாடான பிரான்சில் பழைய ரோமாபுரியின் உருவங்கள் ஏன் விளக்கேந்தி நின்றன என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை இத்தாலியில் இருக்கிறது. கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலிலும் சேற்றிலும் ஹெர்குலேனியம், பொம்பேயி என்னும் நகர்கள் புதைந்தன. 1738-இல் ஹெர்குலேனியத்திலும் 1748-இல் பொம்பேயியிலும் அகழ்வு வேலைகள் தொடங்கின. சுவரோவியங்களோடு அன்றாடச் சாமான்களும் வெளிப்பட்டன. அவற்றுள் வெண்கல விளக்குகளும் விளக்குத் தண்டுகளும் ஏராளம். அவற்றைப் படங்களாக வெளியிட்ட நேப்பிள்ஸ் அரசின் நூல் வரிசையில், 1792-இல் வந்த தொகுதி விளக்குகளுக்கும் விளக்குத் தண்டுகளுக்குமே ஒதுக்கப்பட்டது என்றால் அவற்றின் சிறப்பை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

அதுவரை பிரெஞ்சு அரண்மனைகளில் நெளிவும் சுழிவும் சிப்பியும் கொடியுமாக அமைந்த பாணியே ஆட்சி செய்தது. அகழ்வுச் செய்திகள் பரவப் பரவ, நேர்கோடும் அளவும் அமைதியும் உடைய பழைய பாணியின்மீது மக்கள் நாட்டம் கொண்டனர். 1757-ஆம் ஆண்டையொட்டி லலீவ் தெ ஜூலி என்னும் பாரிஸ் கலையன்பர் தமக்கெனச் செய்வித்த மேசையே இப்புதுப் பாணியின் முதற் பொருள்களுள் ஒன்றென்பர். அது இன்றும் ஷாந்தியி நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மேசைக்கு வெண்கல வேலை செய்தவர் பிலிப் காஃபியேரி.

இப்பெயர் நமக்கு முக்கியமானது. ஏனெனில் அவரே கோவில் பீடங்களுக்கும் வேலை செய்தவர். 1760-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயப் பீடத்துக்குச் சிலுவையும் ஆறு திரித்தண்டுகளும் அவர் செய்து தந்தார். 1771-இல் பாயே நகரப் பேராலயத்துக்கும் அவ்வாறே செய்து தந்தார். பீடத்தின் மேல் ஆறு மெழுகுதிரிகள் வரிசையாக நின்ற பழைய பாடற்பூசையை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மாளிகை மேசைக்கும் ஆண்டவருடைய பீடத்துக்கும் ஒரே கை, ஒரே உலை, ஒரே உளி வேலை செய்தன.

எத்தனை கைகள்!

ஒரு திரித்தண்டை ஒரே மனிதன் செய்துவிட முடியாது. முதலில் சிற்பி மண்ணிலோ மெழுகிலோ மாதிரி உருவம் அமைப்பான். வார்ப்போர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மணல் அச்சுகளில் பதித்து, உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். வார்ப்பு வெளியே வரும்போது கரடுமுரடாகவே இருக்கும். செதுக்குவோர் உளியும் அரமும் கொண்டு ஆடையின் மடிப்பையும் மயிரின் இழையையும் இலையின் நரம்பையும் பிறப்பிப்பார்கள். இணைப்போர் ஆணியாலும் திருகாலும் பகுதிகளைப் பொருத்துவார்கள். இறுதியில் முலாம் பூசுவோன் வருவான்.

இவர்களுள் வார்ப்போருக்கு ஒரு சங்கம், முலாம் பூசுவோருக்கு வேறொரு சங்கம் என இருந்தது. யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பதில் ஓயாத வழக்கு. 1776-இல் அமைச்சர் துர்கோ பெரும்பாலான சங்கங்களை ஒழித்தார்; அவர் பதவி இழந்ததும் அதே ஆண்டில் அவை மாறிய வடிவில் மீண்டன; 1791-இல் புரட்சி அரசு அவற்றை அடியோடு நீக்கியது. மரச்சாமான் செய்யும் தச்சர்கள் தம் பெயர் முத்திரையைப் பொருளில் குத்த வேண்டுமென்று விதி இருந்தது. வெண்கல வேலைக்காரருக்கு அவ்விதி இல்லை. ஆகவேதான் இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் பல தண்டுகள் பெயரற்றவை. வாங்கிய சீமானின் பெயர் கணக்கேட்டில் உண்டு. உழைத்தவனின் பெயர் இல்லை.

புகழ் பெற்ற இருவர்

பெயர் நிலைத்தவர்களும் சிலர் உண்டு. அவர்களுள் தலைசிறந்தவர் பியேர் கூத்தியேர். 1732-இல் பார்-சுர்-ஓப் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 1758-இல் பாரிசில் முலாம் பூசும் தொழிலில் ஆசான் பட்டம் பெற்றார். 1767-இல் அரசருடைய விழாத் துறைக்கு முலாம் பூசுவோராக நியமனம் பெற்றார். தங்கத்தை முழுதும் பளபளக்க விடாமல், சில இடங்களில் ஒளி அடங்கிய மங்கிய தங்கமாகவும் சில இடங்களில் மெருகேறிய தங்கமாகவும் காட்டும் முறையை உருவாக்கிய பெருமை இவருக்கே தரப்படுகிறது. ஒரே இலையில் இரு தங்கங்களைக் காட்டிய அக்கைத்திறனுக்காக 2016-இல் நியூயார்க் நகரின் ஃப்ரிக் காட்சியகம் இவருடைய படைப்புகளை மட்டுமே திரட்டித் தனிக் கண்காட்சி நடத்திற்று.

ஆனால் அவருடைய வாழ்வின் முடிவு வேறு. அரசர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரியவளாய் இருந்த மாதாம் டு பாரி, லூவ்சியென் என்னுமிடத்தில் 1771-இல் கட்டிய மாளிகைக்கு இவரிடம் மிகுதியான வேலை வாங்கினாள். 1774-இல் அரசர் இறந்தார். பட்டறைக்கு வரவேண்டிய பெருந்தொகை நின்றது. தங்கம் வாங்கிய கடனோ நிற்கவில்லை. 1787-இல் கூத்தியேர் கடன் தீர்க்க வழியற்றவரெனத் தம்மை அறிவித்தார். 1793-இல் டு பாரி கில்லட்டின் கத்திக்கு இரையானாள். தம் காலத்துத் தங்க வேலைக்காரருள் முதல்வரான கூத்தியேர் 1813-இல் வறுமையில் கண்மூடினார்.

மற்றொருவர் பியேர்-பிலிப் தொமீர் (1751-1843). கூத்தியேரிடம் வேலை பழகியவர். செவ்ரு அரசப் பீங்கான் ஆலைக்கு வெண்கல வேலைகள் செய்தவர். அமெரிக்க விடுதலையைப் போற்றி, பீங்கானும் வெண்கலமுமாக அவர் வேலைப்பாடு செய்த 1785-ஆம் ஆண்டின் திரித்தண்டுகள் வெர்சாயில் பதினாறாம் லூயியின் அறையை அலங்கரித்தன. புரட்சி வந்தபோது அவருடைய பட்டறை போர்க்கருவிகள் செய்தது. நெப்போலியன் காலத்தில் மீண்டும் திரித்தண்டுகளுக்குத் திரும்பியது. சிறகு விரித்த கரிய வெற்றித் தேவதை பொற்கிளைகளைத் தாங்கும் அந்த அமைப்பு இக்காலத்தில்தான் பெருகியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் அவர் கீழ் வேலை செய்தனர்.

தங்கம் எப்படி ஒட்டியது?

இனி இக்கதையின் உள்ளிடத்துக்கு வருவோம். தங்கம் வெண்கலத்தின்மேல் எப்படிப் பற்றியது? தங்கத்தை மெல்லிய துண்டுகளாக்கிச் சூடான பாதரசத்தில் இடுவார்கள். ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு பாதரசம். சர்க்கரை நீரில் கரைவதுபோல் தங்கம் அதில் கரைந்து, வெண்ணெய் போன்ற களிம்பாகும். அமிலத்தால் தூய்மை செய்த வெண்கலத்தின்மேல் அக்களிம்பைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தடவுவார்கள். பின்பு கரித்தணலின்மேல் பிடித்துச் சுழற்றுவார்கள். பாதரசம் 357 பாகைச் சூட்டில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகுவதற்கோ 1064 பாகை வேண்டும். ஆகவே பாதரசம் பறந்துபோகத் தங்கம் மட்டும் வெண்கலத்தோடு ஒன்றிப்போகும். போதிய கனம் வரும்வரை மறுபடியும் மறுபடியும் இவ்வாறு செய்து, இறுதியில் மெருகுக் கல்லால் தேய்ப்பார்கள். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அத்தங்கம் இன்னும் மின்னுகிறது.

பறந்துபோன பாதரசம் எங்கே போயிற்று? தணலின்மேல் குனிந்து நின்ற மனிதனின் மூச்சுக்குள் போயிற்று.

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. சில ஆண்டுகளில் ஈறு வீங்கும். வாயில் உமிழ்நீர் ஓயாது ஊறும். பல் ஆடி விழும். பிறகு விரல்கள் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் கைக்கும் நாவுக்கும் ஏறும். தலைமுடி ஒன்றைச் செதுக்கும் அளவு நுட்பம் பழகிய பட்டறையில், தன் கஞ்சிக் கிண்ணத்தைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாதவனாய் அத்தொழிலாளி ஆவான். நினைவு மங்கும், காரணமில்லாத அச்சம் பற்றும். இது அன்று யாரும் அறியாத செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, 1700-இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் முலாம் பூசுவோரின் துன்பத்தைத் தெளிவாக எழுதியிருந்தார். அறிந்தும் நூறாண்டுக்கு மேல் வேலை அப்படியே நடந்தது. மாளிகைக்கும் தங்கம் வேண்டியிருந்தது. பீடத்துக்கும் தங்கம் வேண்டியிருந்தது. பிந்தியதை நாம் மறைத்து எழுதுவது முறையன்று.

புரட்சிப் புயல்

1789-ஆம் ஆண்டுப் புரட்சி இத்தண்டுகளின் நிலையை மாற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து கோவில் மணிகளும் உலோகப் பொருள்களும் உலைக்குப் போயின. காஃபியேரி நோத்ர்தாமுக்குச் செய்த சிலுவையும் தண்டுகளும் அப்புயலில் அழிந்தன. பாயே பேராலயத்தில் உள்ளவை தப்பின. 1793 ஆகஸ்டு முதல் 1794 ஆகஸ்டு வரை வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் விடப்பட்டன. அரசகுலத்துச் சாமான்கள் பல இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றன. பிரெஞ்சு நாட்டுப் பொருள்களை இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசர் போனார், அரசியும் போனாள், சங்கங்களும் போயின. ஆனால் முலாம் பூசுவோனின் அடுப்பு மட்டும் மாறவில்லை. நெப்போலியனின் அரண்மனைகளுக்கும் அதே பாதரசம், அதே புகை.

ஒருவரின் உயில்

இந்நிலையில்தான் நாம் அந்துவான்-ஆந்திரே ராவ்ரியோ என்பவரைச் சந்திக்கிறோம். 1759-இல் பாரிசில் பிறந்த இவர் வெண்கல வேலைப் பட்டறையின் முதலாளி. நெப்போலியனின் அரண்மனைகளுக்குச் சாமான்கள் வழங்கியவர். அத்தொழிலால் செல்வம் சேர்த்தவர். அச்செல்வம் யாருடைய மூச்சில் விளைந்தது என்பதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். 1814-இல் அவர் இறந்தபோது, அவருடைய உயிலில் ஓர் ஏற்பாடு இருந்தது. முலாம் பூசுவோரைப் பாதரச நஞ்சிலிருந்து காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக 3,000 பிராங்க் தரப்படவேண்டும் என்பதே அது. பரிசை வழங்கும் பொறுப்பு பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்தது.

பரிசை வென்றவர் வேதியியலறிஞர் ழான்-பியேர்-ழோசேப் தார்சே. 1818-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அவருடைய தீர்வு வியப்புக்குரிய அளவுக்கு எளியது. முலாம் அடுப்பின் மேல் புகைக்கூண்டு அமைத்து, அதன் திறப்பைச் சிறிதாக்கி, புகைபோக்கியின் உள்ளே வேறொரு சிறு அடுப்பை எரிய விடுவது. அச்சிறு அடுப்பின் சூடு காற்றை மேல்நோக்கி இழுக்கும்; இழுக்கப்படும் காற்று தொழிலாளியின் முகத்துக்கு வரவேண்டிய ஆவியையும் உடன் கொண்டு போகும். நம் வீட்டுச் சமையலறையில் புகைபோக்கி நன்கு இழுத்தால் அடுப்பூதும் தாயின் கண் எரிவதில்லை அல்லவா? அதே உண்மைதான். நூறாண்டு மனிதர் நடுங்கிச் செத்ததற்கு மாற்று, செங்கல்லும் ஒரு கூடைக் கரியுமாக இருந்தது! அதைத் தேட வேண்டுமென்ற மனம்தான் அதுவரை இல்லாதிருந்தது.

இவ்வடுப்பைக் கட்டிய பட்டறைகளில் துன்பம் குறைந்தது. எனினும் களிம்பைத் தொடும் கைக்கு நஞ்சு நஞ்சாகவே இருந்தது. 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றனர். 1842-இல் பிரான்சில் ஷார்ல் கிறிஸ்தோஃப்ல் அவ்வுரிமையை வாங்கினார். அதன்பின் பாதரச அடுப்புகள் படிப்படியாக அணைந்தன. ஆனால் கதை முழுதும் முடிந்துவிடவில்லை. உலகின் பல நாடுகளில் சிறு தங்கச் சுரங்கத் தொழிலாளர் இன்றும் பாதரசத்தைத் தணலில் காய்ச்சித்தான் தங்கம் பிரிக்கின்றனர். அதனைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் உருவாகி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நமக்கு உரிய பாடம்

தொழிலாளர் நிலைபற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை 1891-இல் வெளியிட்டார். ராவ்ரியோ இறந்து 77 ஆண்டுகளுக்குப் பின் வந்த மடல் அது. முதலாளி தன் தொழிலாளியின் உடலையும் உயிரையும் பேணக் கடமைப்பட்டவன் என்பதை ராவ்ரியோ மடல் படித்து அறியவில்லை. பட்டறையில் நின்று பார்த்து அறிந்தார். வாழும்போது செய்திருக்கலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். சொல்வதும் நியாயமே. ஆயினும் அதே செல்வத்தைச் சேர்த்த மற்றோர் எத்தனையோ பேர். உயிலில் தொழிலாளியின் மூச்சை எழுதியவர் அவர் ஒருவரே நமக்குத் தெரிகிறார்.

அப்பொன் தண்டுகளை வெறுக்க வேண்டுமென நாம் கூறவில்லை. கூத்தியேரின் இலையும் தொமீரின் தேவதையும் மனிதக் கைக்கு ஆண்டவர் அளித்த திறமையின் சான்றுகள். பெயரெழுதாமல் போன செதுக்குவோனும், நடுங்கும் கையோடு வீடு திரும்பிய முலாம்காரனும் தம் வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. செய்திருந்தால் அத்தங்கம் இன்றுவரை நின்றிராது. அவர்களுக்கு நாம் தரக்கூடிய மரியாதை, பார்க்கும்போது அவர்களையும் சேர்த்துப் பார்ப்பதே.

அதோடு மற்றொன்றும் உண்டு. பீடத்துக்கு நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும், வீட்டுக்கு வாங்கும் ஒவ்வொரு நகையிலும், கட்டும் ஒவ்வொரு சுவரிலும் யாரோ ஒருவருடைய மூச்சு கலந்திருக்கிறது. அவருக்குரிய கூலி தரப்பட்டதா, அவருடைய உடல் காக்கப்பட்டதா என்று கேட்பது பக்திக்குப் புறம்பானதன்று. திரித்தண்டின் வேலை ஒளியை உயர்த்திப் பிடிப்பது. அந்த ஒளி, பீடத்தின்மேல் உள்ளதை மட்டுமன்றி, தண்டைப் பிடித்து நிற்கும் கையையும் நமக்குக் காட்டட்டும்.